சில்லர் பிளான்ட் உள்ள கட்டடம்: ஹெச்.வி.ஏ.சி. (குளிரூட்டல், காற்றோட்டம்) புராஜெக்ட் மேனேஜர் முதலில் எதைப் பிடிக்க வேண்டும்?

#1 — ஓஎம்ஆர்_சைட்

எல்லோருக்கும் வணக்கம். சைட் இன்ஜினியராக இருந்து இப்போது புராஜெக்ட் மேனேஜர் பொறுப்பு வந்திருக்கிறது. சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகக் கட்டடம். 2 பேஸ்மென்ட், தரைத்தளம், மேலே 8 மாடி. 300 டி.ஆர். (குளிரூட்டும் டன்) வாட்டர் கூல்டு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) மூன்று. இரண்டு ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. மாடிக்கு இரண்டு ஏ.ஹெச்.யூ. (காற்றைக் குளிர்வித்து அனுப்பும் யூனிட்). டக்ட் (காற்றுக் குழாய்) ஏறத்தாழ 7,000 ச.மீ. ஸ்ட்ரக்சர் நான்காம் மாடி வரை வந்துவிட்டது. ஒப்படைக்க 11 மாதம். டெண்டர் டிராயிங் மட்டும் கையில். ஷாப் டிராயிங் (வேலைக்கான விரிவான வரைபடம்) இனிமேல்தான்.

ஏர்பிளோ, பைப் சைஸ் கணக்கெல்லாம் பிரச்சினை இல்லை. எதை எந்த வரிசையில் பிடிப்பது, எது தவறினால் பிறகு சரிசெய்யவே முடியாது, அதுதான் தெரிய வேண்டும்.

#2 — ஈரக்குமிழ்

தம்பி, டக்ட்டை இப்போதைக்கு விடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு மாற்ற முடியாத விஷயங்கள்தான் முதலில். ஐந்தாம் மாடி ஷட்டரிங் நிற்கும் முன்பே ஸ்லாப் கட்-அவுட், பீம் ஸ்லீவ், ஷாஃப்ட் அளவு, பிளான்ட் ரூம் பவுண்டேஷன், மொட்டைமாடி கூலிங் டவர் பெடஸ்டல் ஆகிய ஐந்துக்கும் தனி டிராயிங் போட்டு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கையெழுத்து வாங்குங்கள். முழு ஷாப் டிராயிங் முடியும்வரை காத்திருந்தால் சிவில்காரர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். பிறகு கோர் கட்டிங்தான், அதாவது கான்கிரீட்டைத் துளைப்பது. பீமில் கோர் அடிக்க எந்த ஸ்ட்ரக்சுரல் ஆளும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது.

அடுத்தது சீலிங் உயரம். ஒரு மாடிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 3,900 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாப் சேர்த்து பீம் 600. பீம் அடியில் 3,300. ஃபால்ஸ் சீலிங் 2,700 என்றால் மிச்சம் 600. லைட்டும் கிரிட்டும் 120 எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு 480 மி.மீ.

இப்போது டக்ட். மாடிக்கு 75 டி.ஆர்., அதில் ஒரு ஏ.ஹெச்.யூ. சுமார் 15,000 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) காற்று. இரண்டு மெயினாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 7,500. விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் 1250×400 வருகிறது. 400-உடன் மேலும் கீழும் 25 இன்சுலேஷன் சேர்ந்தால் 450. ஃபிளேஞ்ச் இருக்கும் இடத்தில் 510. அடியில் தாங்கும் ஆங்கிள் 40. மொத்தம் 550. அதாவது 70 மி.மீ. பற்றவில்லை. டெண்டர் டிராயிங்கில் டக்ட் ஒற்றைக் கோடாக ஓடுவதால் இது கண்ணுக்குத் தெரியாது. கிராஸ் செக்‌ஷன் வெட்டினால்தான் தெரியும். பீம் ஆழமாக இருக்கும் இடம், ஸ்பிரிங்க்ளர் மெயின் குறுக்கே போகும் இடம், டாய்லெட் டிரெயின் இறங்கும் இடம்: மாடிக்கு இந்த மூன்று செக்‌ஷனாவது வெட்டி, எம்.இ.பி. (ஏ.சி., மின், பிளம்பிங்) எல்லா ஏஜென்சியிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

#3 — கோவை_மெக்

ஈரக்குமிழ் சார் சொன்ன அதே டக்ட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். 400 நுழையாது என்று 1700×300 ஆக்கினால் இடம் கிடைத்துவிடும். செலவு? சுற்றளவு மீட்டருக்கு 3.3 ச.மீ.யிலிருந்து 4.0 ஆகிறது. ஐ.எஸ். 655 (டக்ட்டுக்கான இந்தியத் தரநிலை) படி 1,500 தாண்டினால் 22 கேஜ் போய் 20 கேஜ் வருகிறது, 0.80 தகடு 1.00 ஆகிறது. மீட்டருக்கு 20.7 கிலோவாக இருந்த தகடு 31.4 கிலோ. பாதிக்கு மேல் கூடுகிறது. அகல-உயர விகிதம் 4:1 தாண்டி 5.7:1 ஆவதால் உராய்வும் ஏறும், ஃபேன் ஸ்டாட்டிக்கை (ஃபேன் தர வேண்டிய அழுத்தம்) திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

இதை "சைட் அட்ஜஸ்ட்மென்ட்" என்று சத்தமில்லாமல் செய்துவிட்டால் அந்தக் கூடுதல் எடை முழுக்க உங்கள் கம்பெனி தலையில். செக்‌ஷன் டிராயிங்கோடு ஆர்.எஃப்.ஐ. (எழுத்தில் விளக்கம் கேட்கும் கடிதம்) போட்டுக் கேளுங்கள்: காரிடாரில் சீலிங்கை 2,600 ஆக்கலாமா, அல்லது டக்ட் அளவை மாற்றவா? முடிவை ஆர்க்கிடெக்ட் எடுக்கட்டும், எழுத்தில் எடுக்கட்டும்.

இன்னொன்று, ஸ்கோப் மேட்ரிக்ஸ், அதாவது எந்த வேலை யாருடையது என்ற பட்டியல். ஒரே தாளில் இடது பக்கம் வேலை, மேலே ஏஜென்சி பெயர். நடுவில் விழுந்து காணாமல் போவது எப்போதும் இவைதான்: சில்லர் பேனலுக்குக் கேபிளும் லக்கும் யார், ஏ.ஹெச்.யூ. ரூமில் டிரெயின் பாயின்ட்டும் ஃப்ளோர் டிராப்பும் யார். ஃபயர் டேம்பர் (தீயில் டக்ட்டை மூடும் தகடு) ஆக்சுவேட்டருக்கு 230 வோல்ட் யார், சிக்னல் யார். ஷாஃப்ட் லூவர் யார். டக்ட் சுவரைத் தாண்டும் இடத்தில் ஃபயர் சீலன்ட் யார். கிரில்லுக்கு சீலிங் வெட்டுவது யார். கூலிங் டவர் மேக்-அப் லைன் (குறையும் தண்ணீரை நிரப்பும் பைப்) எந்த வால்வு வரை யார். ஒவ்வொன்றும் சின்ன வேலை. ஆனால் கமிஷனிங் அன்று ஒன்று இல்லையென்றாலும் மொத்தமும் நிற்கும். சில்லர் பெடஸ்டலில் உட்கார்ந்திருக்கும், பவர் வராது.

#4 — காற்றளவு

பேஸ்மென்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. கான்கிரீட் சம்பந்தப்பட்டதில் அதுதான் பெரியது.

என்.பி.சி. (தேசியக் கட்டட விதி) 2016 படி கார் பார்க்கிங்குக்குச் சாதாரண நேரத்தில் மணிக்கு 6 காற்று மாற்றம், தீ நேரத்தில் 12. ஒரு பேஸ்மென்ட் 3,000 ச.மீ., உயரம் 3.5 என்று வைத்தால் 10,500 கன மீட்டர். 12 மாற்றம் என்றால் மணிக்கு 1,26,000 கன மீட்டர், விநாடிக்கு 35. ஷாஃப்ட்டில் 8 மீ/வி வேகம் என்றாலும் ஒரு பேஸ்மென்ட்டுக்கு 4.4 ச.மீ. சுத்தமான திறப்பு வேண்டும். மேலே லூவர் முகத்தில் 2.5 மீ/வி என்றால் 14 ச.மீ. லூவர். ஆர்க்கிடெக்ட் டிராயிங்கில் ஷாஃப்ட் 4.5 ச.மீ. என்று இருக்கும், உள்ளே பீம் ஓடும், அதிலேயே பிளம்பிங் பைப்பையும் இறக்கியிருப்பார்கள். உண்மையில் கிடைப்பது 3. அந்த ஷாஃப்ட்டில் ஃபேன் கத்தும், காற்று வராது. ஃபயர் சர்வீஸ் என்.ஓ.சி. இன்ஸ்பெக்‌ஷனில் அது நேரே தெரிந்துவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் 250 டிகிரியில் 120 நிமிடம் தாங்கும் சான்றோடு வர வேண்டும். ஃபேனுக்கு மட்டும் சான்று வாங்கிவிட்டு ஃபிளெக்சிபிள் கனெக்டரைச் சாதாரணக் கேன்வாஸில் போடுகிறார்கள். கேபிளும் சாதாரணக் கேபிள். தீயில் முதலில் போவது அவை இரண்டும்தான். சப்மிட்டலிலேயே (பொருளுக்கு ஒப்புதல் கேட்கும் ஆவணம்) மூன்றையும் ஒன்றாகக் கேளுங்கள்.

மாடிப்படி பிரஷரைசேஷனுக்கு (தீயில் புகை நுழையாமல் காற்றழுத்தம் ஏற்றுவது) 50 பாஸ்கல். அழுத்தம் ஏற ஏற நல்லது என்று நினைத்து ஃபேனைப் பெரிதாக்கக் கூடாது. 1.0×2.1 கதவுக்கு 50 பாஸ்கலில் கைப்பிடியில் ஏறத்தாழ 56 நியூட்டன் விசை வரும். டோர் குளோசர் 50 சேர்த்தால் 106. வரம்பு 133. இதையே 80 பாஸ்கலில் பாருங்கள், 90 + 50 = 140. வயதானவரோ குழந்தையோ கதவைத் திறக்க முடியாமல் உள்ளே மாட்டிக்கொள்வார். அதனால் பிரஷர் சென்சாரோடு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) அல்லது ரிலீஃப் டேம்பர் கட்டாயம். கமிஷனிங்கில் மேனோமீட்டர் மட்டும் போதாது. ஃபோர்ஸ் கேஜ் வைத்து மாடிதோறும் கதவை இழுத்துப் பதிவு செய்யுங்கள். கதவு மாட்டுவது சிவில் ஏஜென்சி. குளோசர் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறார்கள் என்பது உங்கள் ரீடிங்கை மாற்றும், அதனால் அவர்களையும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள்.

#5 — பர்ச்சேஸ்_மேசை

ஆர்டர் போடும் தேதியைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 11-ஆம் மாதக் கடைசியில் ஒப்படைப்பு. அதற்கு முன் டி.ஏ.பி. (காற்று, தண்ணீர் அளவைச் சோதித்துச் சரிசெய்வது), குறைகள் சரிசெய்தல் எல்லாம் சேர்த்து 6 வாரம். அதற்கு முன் பைப் ஃப்ளஷிங், கெமிக்கல் கிளீனிங் 2 முதல் 3 வாரம். அதற்கு முன் பிளான்ட் ரூம் ஹூக்-அப், பவர், கன்ட்ரோல் வயரிங் 5 வாரம். அப்படியானால் சில்லர் பெடஸ்டலில் உட்கார வேண்டியது சுமார் 8-ஆம் மாதத்தின் மூன்றாம் வாரத்துக்குள். சில்லருக்கு வழக்கமாக 12 முதல் 16 வாரம், அதற்கு மேல் சப்மிட்டல் அப்ரூவல் 3 வாரம். ஆர்டர் 3-ஆம் மாதத்துக்குள் போக வேண்டும்.

அதற்காக இன்றைக்கே வாங்கி இறக்கிவிடுவதும் தப்பு. பெரும்பாலான சில்லர் வாரண்டி "கமிஷனிங்கிலிருந்து 12 மாதம் அல்லது டெஸ்பேட்ச் ஆகி 18 மாதம், எது முந்தியதோ அது" என்றுதான் இருக்கும். உங்கள் டி.எல்.பி. (குறை தீர்க்கும் பொறுப்புக் காலம்) ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம். சில்லர் 4-ஆம் மாதம் டெஸ்பேட்ச் ஆகி, கட்டடம் 3 மாதம் தள்ளிப்போனால் டி.எல்.பி. முடிய நான்கு மாதம் இருக்கும்போதே டெஸ்பேட்ச் கணக்கில் வாரண்டி முடிந்துவிடும். நடுவில் கம்ப்ரசர் போனால் யார் தருவது? ஆர்டரிலேயே நீட்டிப்பு விலையைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு கேட்டால் அந்த விலை கிடைக்காது.

சில்லர் உள்ளே போகும் வழியையும் இப்போதே அளந்துவிடுங்கள். கதவு, ரேம்ப் திருப்பம், பேஸ்மென்ட் பீம் அடி உயரம். ரோலரில் தள்ளும்போது ரேம்ப்பும் ஸ்லாப்பும் எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெடஸ்டல் டிசைனுக்குக் கொடுக்க வேண்டியது ஷிப்பிங் எடை இல்லை, தண்ணீர் நிறைந்த ஆப்பரேட்டிங் எடை.

#6 — ஓஎம்ஆர்_சைட்

நன்றி, இது ஒவ்வொன்றும் என் லிஸ்ட்டில் ஏறிவிட்டது. கட்-அவுட் டிராயிங்கை முதலில் எடுக்கிறேன்.

டக்ட் பற்றி ஒரு சந்தேகம். ஃபேக்டரி டக்ட்டா, சைட்டில் அடிப்பதா? பி.ஓ.க்யூ.வில் (வேலை அளவுப் பட்டியல்) ஃபேக்டரி ஃபேப்ரிகேட்டட் என்று இருக்கிறது. சைட் ஃபேப்ரிகேஷன் மலிவு என்று எங்கள் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்டிடம் டீவியேஷன் கேட்கச் சொல்கிறது.

#7 — கோவை_மெக்

வேண்டாம். 7,000 ச.மீ.யை சைட்டில் அடிக்க ஷீட் அடுக்க, லாக் ஃபார்மர் வைக்க, மடிக்க என்று ஒரு முழு மாடி இடம் வேண்டும். அந்த மாடியை எந்தச் சிவில்காரரும் 3 மாதம் விட்டுத் தரமாட்டார். 8×4 ஷீட்டில் கழிவு அதிகம். காயிலில் வெட்டும் ஃபேக்டரி லைனில் குறைவு. டி.டி.எஃப். ஃபிளேஞ்ச் தகட்டிலேயே உருண்டு வருவதால் ஆங்கிள் ஃபிளேஞ்சுக்கு ரிவெட் அடிக்கும் வேலை இல்லை.

எரக்‌ஷன் கணக்கு: நான்கு பேர் கேங் நாளைக்கு 25 ச.மீ. என்று வைத்தால் 280 கேங் நாள். நான்கு கேங் போட்டால் 70 வேலை நாள். இது ஃப்ரன்ட் (வேலை செய்யும் இடம்) தடையில்லாமல் கிடைத்தால் மட்டும். ஹோலி, சட் பூஜைக்கு வட மாநிலத் தொழிலாளிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரங்களை ஷெட்யூலில் காலியாகவே விடுங்கள்.

#8 — ஈரக்குமிழ்

கோவை_மெக் சொல்வதில் பாதிதான் ஏற்கிறேன். ஸ்ட்ரெயிட் பீஸ் ஃபேக்டரி, சரி. ஆனால் பீம் தாண்டும் ஆஃப்செட், ஏ.ஹெச்.யூ. ரூமுக்குள் வரும் கனெக்‌ஷன், கடைசி மேக்-அப் பீஸ் மூன்றையும் சைட் அளவு எடுத்துத்தான் அடிக்க வேண்டும். ஷாப் டிராயிங்கை நம்பி எல்லா ஃபிட்டிங்கையும் ஃபேக்டரிக்கு அனுப்பினால் வந்த எல்போவை வெட்டி ஒட்டுவார்கள். வெட்டி ஒட்டிய இடத்தில் சீலன்ட்டைப் பூசி மறைப்பார்கள், லீக் டெஸ்ட்டில் அது காற்று விடும். ஸ்ட்ரெயிட் பீஸை ஃபேக்டரியிலும், சைட்டில் ஒரு பிரஸ் பிரேக், இரண்டு நல்ல ஃபேப்ரிகேட்டரும் வைப்பதுதான் நடைமுறை. ஃபேப்ரிகேட்டருக்கு ச.மீ. ரேட் கொடுக்காமல் நாள் சம்பளம் கொடுங்கள். ச.மீ. ரேட்டில் இருப்பவர் சின்ன ஆஃப்செட்டைத் தொடமாட்டார், ஏனென்றால் அதில் அவருக்கு நேரம்தான் போகும்.

#9 — வடமராட்சி_தோஹா

வணக்கம். இங்கே வளைகுடாப் பக்கம் டக்ட் கசிவுச் சோதனை இல்லாமல் இன்சுலேஷன் சுற்ற விடமாட்டார்கள். சென்னை வேலைகளிலும் அதைக் கட்டாயமாக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

டி.டபிள்யூ. 143 (பிரிட்டிஷ் டக்ட் கசிவுச் சோதனை வழிகாட்டி) முறைப்படி கணக்கு மிக எளிது. கிளாஸ் ஏ டக்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட கசிவு 0.027 × அழுத்தம்^0.65, கிளாஸ் பி-க்கு 0.009 × அழுத்தம்^0.65, விடை ச.மீ.க்கு விநாடிக்கு லிட்டர். 500 பாஸ்கலில் கிளாஸ் ஏ 1.53, கிளாஸ் பி 0.51. 100 ச.மீ. துண்டு ஒன்றை இரு முனையும் அடைத்து ஊதினால் கிளாஸ் ஏ-யில் 153 லிட்டர் வரை விடலாம், பி-யில் 51தான். சோதனைக்கு மெயினை எடுங்கள். கிளைகளை மட்டும் எடுத்துக் காட்டினால் எல்லாமே தேறும்.

எங்கே கசியும் என்றால், ஃபிளேஞ்சின் நான்கு மூலையும்தான் முதலில். மூலைத் துண்டின் உட்பக்கம் சீலன்ட் போடாமல் வெளியே மட்டும் பூசுவார்கள். அடுத்தது டேம்பர் ஸ்பிண்டில் துளை, பிறகு ஆக்சஸ் டோர் காஸ்கெட். சோப்பு நுரை தடவினால் ஐந்து நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும்.

சுவரில் ஃபயர் டேம்பர் பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். டேம்பரின் பிளேடு சுவரின் தடிப்புக்குள் நிற்க வேண்டும், வெளியே தொங்கக் கூடாது. பக்கத்தில் ஆக்சஸ் டோர், அதற்கு நேர் கீழே சீலிங்கிலும் ஒரு டிராப் டோர். டக்ட்டில் கதவு வைத்து சீலிங்கில் வைக்காவிட்டால் 72 டிகிரி ஃபியூசிபிள் லிங்க்கை (சூட்டில் உருகி டேம்பரை மூடும் இணைப்பு) யாரும் எந்நாளும் பார்க்கப் போவதில்லை.

#10 — குளிர்நீர்

பைப் பக்கம் நான் சொல்கிறேன்.

300 டி.ஆர். என்றால் 1,055 கிலோவாட். 5.5 டிகிரி வித்தியாசத்தில் விநாடிக்கு 45.8 லிட்டர். இரண்டு சில்லர் ஓடினால் ஏறத்தாழ 92 லிட்டர். மெயின் ஹெடர் 250 என்.பி. (பைப்பின் பெயரளவு விட்டம், மி.மீ.) என்றால் 1.8 மீ/வி, நல்ல அளவு.

டெஸ்ட் பிரஷர் ஒர்க்கிங் பிரஷரின் ஒன்றரை மடங்கு. பிளான்ட் பேஸ்மென்ட்டில், மேலே 40 மீட்டர் உயரம், அதனால் ஸ்டாட்டிக் மட்டும் 4 பார்; பம்ப் ஹெட் 2.5. ஆக 6.5, டெஸ்ட் 10 பார். இதை மொத்தமாகக் கடைசியில் செய்யாதீர்கள். மாடி மாடியாக, ரைசர் தனியாக. வெல்ட் ஜாயின்ட் எல்லாம் திறந்திருக்க வேண்டும், டெஸ்ட் முடிந்துதான் இன்சுலேஷன். சில்லரையும் ஏ.ஹெச்.யூ. காயிலையும் பிளைண்ட் ஃபிளேஞ்ச் போட்டுத் தனிமைப்படுத்துங்கள். பட்டர்ஃபிளை வால்வை மூடி வைத்தால் போதும் என்பார்கள். போதாது, அது 10 பாரில் கசிந்து உள்ளே அழுத்தம் ஏறும்.

ஃப்ளஷிங்கில்தான் எல்லோரும் நேரத்தைத் திருடுவார்கள். பைப்புக்குள் வெல்டிங் கசடு, மண், கிரைண்டிங் தூள், சில நேரம் முழு எலக்ட்ரோடு துண்டே கிடக்கும். தண்ணீரை நிரப்பி வடித்தால் இவை எதுவும் வெளியே வராது. பெரிய பைப்பில் 1.5 மீ/வி வேகமாவது வர வேண்டும். 250 என்.பி.யில் அது விநாடிக்கு 76 லிட்டர். ஒவ்வொரு ஏ.ஹெச்.யூ.விலும் சப்ளை-ரிட்டர்னுக்கு நடுவே பைபாஸ் போட்டு, காயிலை அடைத்துவிட்டு, தூரத்து மாடியிலிருந்து ஒவ்வொரு லூப்பாகச் சுற்ற வேண்டும். பைபாஸ் டீயும் டிரெயின் வால்வும் ஷாப் டிராயிங்கிலேயே இருக்க வேண்டும். பைப் ஏறிய பிறகு தேடினால் வெட்டி வெல்ட் செய்ய வேண்டும், அப்படிச் செய்தால் புதிதாக இன்னும் கசடு.

தண்ணீர் கணக்கு: 250 என்.பி. மீட்டருக்கு 50 லிட்டர் பிடிக்கும். பெரிய பைப் 300 மீட்டர் என்றால் 15,000 லிட்டர். ஐந்து தடவை நிரப்பி வடிக்க 75,000. ஓ.எம்.ஆரில் இது 12,000 லிட்டர் லாரி ஆறேழு. அங்கே போர் தண்ணீர் உப்பு. அதைச் சில்டு வாட்டர் லைனில் ஏற்றவே கூடாது. எஸ்டிமேட்டில் லாரித் தண்ணீருக்கு ஒரு வரி எழுதுங்கள், யாரும் எழுதுவதில்லை. வடிக்கிற தண்ணீர் எங்கே போகும் என்பதையும் சிவிலிடம் பேசி வையுங்கள். பேஸ்மென்ட் சம்ப் பம்ப் அவ்வளவையும் ஒரே நேரத்தில் எடுக்காது. கெமிக்கல் போட்ட தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடக் கூடாது.

ஃப்ளஷ் முடிந்து கெமிக்கல் கிளீனிங், பாசிவேஷன், கடைசியில் இன்ஹிபிட்டர் (துரு தடுக்கும் மருந்து). இதற்கு நடுவில் பைப்பைக் காலியாகவோ தண்ணீர் தேங்கியபடியோ வாரக்கணக்கில் விட்டால் துரு திரும்பிவிடும், செய்த வேலை வீண். அதனால்தான் சில்லர் பவர் தேதி உறுதியான பிறகு ஃப்ளஷிங் தொடங்குங்கள் என்கிறேன்.

#11 — ஓஎம்ஆர்_சைட்

எங்கள் ஏ.ஹெச்.யூ. எல்லாவற்றிலும் பி.ஐ.சி.வி. (அழுத்தம் மாறினாலும் ஃப்ளோவை நிலையாக வைக்கும்) வால்வு. அப்படியானால் வாட்டர் பேலன்சிங் தேவையில்லை என்று வெண்டர் சொல்கிறார். டி.ஏ.பி. நாட்களைக் குறைக்கலாமா?

#12 — குளிர்நீர்

குறைக்காதீர்கள். பி.ஐ.சி.வி. தன் ஃப்ளோவைத் தானே பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதன் குறுக்கே குறைந்தபட்ச அழுத்த வித்தியாசம் இருந்தால்தான். மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 35 கிலோபாஸ்கல். பம்ப்பிலிருந்து தூரமான ஏ.ஹெச்.யூ.வில் அது இருக்கிறதா என்று மேனோமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் செகண்டரி பம்ப்பின் வி.எஃப்.டி. செட் பாயின்ட் நிர்ணயிக்க வேண்டும். பார்க்காவிட்டால் கிளையன்ட்டின் ஆட்கள் செட் பாயின்ட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள், பம்ப் எந்நேரமும் 50 ஹெர்ட்ஸில் ஓடும், வி.எஃப்.டி.க்குக் கொடுத்த காசு வீண்.

பிறகு, 16 வால்விலும் டயல் சரியான ஃப்ளோவுக்கு வைக்கப்பட்டிருக்கிறதா? ஃபேக்டரியிலிருந்து முழுத் திறப்பில் வரும். யாரும் தொடாமல் விட்டுவிட்டால் ஒவ்வொரு காயிலும் தேவைக்கு மேல் தண்ணீர் குடிக்கும், ரிட்டர்ன் தண்ணீர் 12 டிகிரியில் வராமல் 9.5-இல் வரும். சில்லர் முழுக்க லோட் ஆகாமலேயே இரண்டாவது சில்லர் ஓடத் தொடங்கும். அந்தப் புகார் ஆறு மாதம் கழித்துக் கரண்ட் பில்லாக வரும்.

#13 — காற்றளவு

ஏர் பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். டி.ஏ.பி. தொடங்கும் முன் ஃபைனல் ஃபில்டர் மாட்டாதீர்கள், ஆனால் ஃபில்டரே இல்லாமலும் ஓட்டாதீர்கள். ஜிப்சம் தூள் ஒரு தடவை காயிலில் ஈரத்தோடு ஒட்டினால் அலசிப் போகாது. தற்காலிக மீடியா போட்டு ஓட்டுங்கள். டக்ட் முனைகள் எரக்‌ஷன் நாளிலிருந்தே பாலித்தீனால் கட்டியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு கிளைக்கும் வி.சி.டி. (காற்றளவை மாற்றும் டேம்பர்) இருக்கிறதா என்று ஷாப் டிராயிங்கில் எண்ணுங்கள். டிஃப்யூசருக்கு (சீலிங்கில் காற்று வரும் முகம்) பின்னால் இருக்கும் டேம்பரை மட்டும் வைத்து பேலன்ஸ் செய்தால் சத்தம் வரும். எப்போதும் டிசைன் ஃப்ளோவில் மிகக் குறைந்த சதவீதம் வரும் டிஃப்யூசரைத் திறந்தபடியே விட்டு, மற்றவற்றை அதன் சதவீதத்துக்குக் கொண்டுவந்து, கடைசியில் ஃபேன் வேகத்தை மாற்றுங்கள். மொத்தக் காற்று 10 சதவீதம் குறைகிறது என்று வேகத்தை 11 சதவீதம் ஏற்றினால் பவர் மூன்றாம் படியில் ஏறும், சுமார் 37 சதவீதம். மோட்டார் ஆம்பியரை முதலில் பாருங்கள்.

#14 — ஈரக்குமிழ்

முதல் ஸ்டார்ட்-அப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சென்னையில் சீலிங் கெட்டுப்போவது அந்த வாரத்தில்தான்.

கண்ணாடி வேலை முடியாமல், லிஃப்ட் லாபி கதவு திறந்து கிடக்க, நேரே 7 டிகிரி தண்ணீர் விடுவார்கள். உள்ளே 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் டியூ பாயின்ட் (ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 24 டிகிரி. டிஃப்யூசர் முகம் 14-இல் இருக்கும். சொட்டும். ஜிப்சம் போர்டு இரண்டே நாளில் கறுப்புப் பூசணம் பிடிக்கும், "ஏ.சி. லீக்" என்று பெயர் உங்களுக்கு வரும். முறை இதுதான்: முகப்பு மூடியிருக்க வேண்டும், ஃப்ரெஷ் ஏர் டேம்பர் மூடியிருக்க வேண்டும், சில்லர் செட் பாயின்ட்டை முதலில் 13-14-இல் வைத்து இரவும் பகலும் ஓட்டி, ரிட்டர்ன் ஏர் ஈரப்பதம் 60-க்குக் கீழே வந்த பிறகு நாளுக்கு இரண்டு டிகிரி வீதம் இறக்குங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஸ்டார்ட்-அப் விழுந்தால் இதற்கு இன்னும் சில நாள் சேர்த்து வையுங்கள்.

இன்சுலேஷனில் நிரந்தரமாகச் சொட்டும் இடம் பைப் சப்போர்ட். கிளாம்ப் நேராக இரும்புப் பைப்பைப் பிடித்திருந்தால் குளிர் கிளாம்ப் வழியாக வெளியே வரும், மேலே எவ்வளவு நைட்ரைல் சுற்றினாலும் நிற்காது. கிளாம்ப்புக்கும் பைப்புக்கும் நடுவே பி.யு.எஃப். (பாலியூரித்தேன் நுரை) சப்போர்ட் போட்டு, அதன் இரு பக்கமும் இன்சுலேஷனை ஒட்ட வேண்டும். இது பைப் ஏற்றும்போதே போடுவது. வால்வு, ஸ்டிரெய்னர், ஏர் வென்ட் எல்லாவற்றுக்கும் கழற்றி மாட்டும் பெட்டி இன்சுலேஷன். வென்ட் பைப்பின் முதல் அரை மீட்டருக்கும் கூட.

டிரெயின். காயிலுக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் ஏ.ஹெச்.யூ.வில் டிரே உறிஞ்சலில் இருக்கிறது. யூ-டிராப் ஆழம் பற்றாவிட்டால் தண்ணீர் இறங்காமல் டிரேயில் ஏறி, டக்ட்டுக்குள் தெறிக்கும். அந்த இடத்தில் மைனஸ் 500 பாஸ்கல் என்றால் 50 மி.மீ. தண்ணீர். டிரே அவுட்லெட்டுக்கும் டிராப் அவுட்லெட்டுக்கும் 75 மி.மீ. இறக்கம், டிராப்புக்குள் நிற்கும் தண்ணீர் அதில் பாதியாவது. இதற்கு ஏ.ஹெச்.யூ. அடிச்சட்டம் குறைந்தது 150 மி.மீ. உயர பிளின்த்தில் உட்கார வேண்டும். பிளின்த் யார் போடுவது? கோவை_மெக் சொன்ன மேட்ரிக்ஸில் அதையும் சேருங்கள்.

#15 — ஆர்ஏ_பில்

பண விஷயம் பேசாமல் இழை முடியக் கூடாது.

வழக்கமான விகிதம்: மெட்டீரியல் சைட்டுக்கு வந்ததும் 70 சதவீதம், எரக்‌ஷன் ஆனதும் 20, டெஸ்டிங் கமிஷனிங் முடிந்ததும் 10. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் ரிட்டென்ஷன் (பிடித்து வைக்கும் பணம்). கம்பெனியின் லாபம் பெரும்பாலும் அந்தக் கடைசி 10-இலும் ரிட்டென்ஷனிலும்தான் இருக்கிறது. எரக்‌ஷன் முடிந்ததும் நல்ல ஆட்களை அடுத்த சைட்டுக்கு இழுத்துவிட்டு கமிஷனிங்குக்கு இரண்டு ஹெல்பரை விட்டுவைத்தால் அந்தப் பணம் ஒரு வருடம் தூங்கும்.

டக்ட் அளவு எடுக்கும் முறையை முதல் பில்லுக்கு முன்பே கிளையன்ட் பில்லிங் இன்ஜினியரோடு ஒரு எல்போ, ஒரு ரெட்யூசர், ஒரு டீயை வைத்து எழுதி ஒப்பந்தம் பண்ணுங்கள். ரெட்யூசருக்குப் பெரிய முனை அளவா, சராசரியா? எல்போவுக்கு நடுக்கோடா, வெளிவளைவா? 7,000 ச.மீ.யில் ஃபிட்டிங் எவ்வளவு என்று பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை என்று புரியும். ஒவ்வொரு மாடி சீலிங் மூடும் முன்பும் ஜாயின்ட் மெஷர்மென்ட் தாளில் இரு தரப்புக் கையெழுத்து. மூடிய பிறகு யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள், குறைத்துத்தான் எழுதுவார்கள்.

#16 — வடமராட்சி_தோஹா

அதோடு, கூடுதல் பணம் கேட்பதற்கான அறிவித்தல் காலம். ஃபிடிக் (சர்வதேச மாதிரி ஒப்பந்தம்) 1999 சிவப்புப் புத்தகத்தில் 20.1-ஆம் பிரிவுப்படி 28 நாளுக்குள் அறிவிக்காவிட்டால் உரிமை போய்விடும். உங்கள் ஒப்பந்தத்தில் 14 அல்லது 7 நாளாகக் கூட இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள். 1250×400 மாறி 1700×300 ஆன கதையில் ஆர்.எஃப்.ஐ. பதில் வந்த தேதியே உங்கள் தொடக்க நாள். விலை பிறகு கொடுக்கலாம், அறிவித்தலைத் தாமதிக்க வேண்டாம்.

#17 — ஓஎம்ஆர்_சைட்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: கூலிங் டவர் மேக்-அப்புக்கு எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) தண்ணீர் என்று டெண்டரில் ஒரே வரி. தேவை எவ்வளவு, என்ன கேட்டு வாங்க வேண்டும்?

#18 — குளிர்நீர்

600 டி.ஆர். முழு லோடில் டவர் வெளியேற்றும் வெப்பம் சுமார் 2,530 கிலோவாட். ஆவியாவது மணிக்கு ஏறத்தாழ 3.75 கன மீட்டர். செறிவுச் சுழற்சி (டவர் தண்ணீரில் உப்பு எத்தனை மடங்கு செறிகிறது) 4 என்றால் ப்ளோ-டவுன் (உப்பேறியதை வடிப்பது) 1.25. ஆக மணிக்கு 5. பத்து மணி நேரம், சராசரி 70 சதவீத லோடு என்றால் நாளைக்கு 35,000 லிட்டர். ஓ.எம்.ஆரில் இதை லாரியில் வாங்கினால் நாளுக்கு மூன்று லாரி.

எஸ்.டி.பி. கொள்ளளவைக் கேட்காதீர்கள், உண்மையில் எவ்வளவு சுத்திகரித்த தண்ணீர் வெளிவரும் என்று கேளுங்கள். கட்டடம் பாதி நிரம்பும் முதல் வருடத்தில் கழிவுநீரும் பாதிதான், ஆனால் ஃப்ளஷ் டேங்க்கும் தோட்டமும் அதையே கேட்கும். அதனால் மேக்-அப் டேங்க்குக்கு இரண்டாவது இணைப்பு வேண்டும். அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், சாஃப்ட்னர் யார் ஸ்கோப் என்று எழுத்தில் வாங்குங்கள். சாஃப்ட்னர் கடினத்தன்மையை எடுக்கும், டி.டி.எஸ்.ஸை (கரைந்த உப்பின் மொத்த அளவு) குறைக்காது, டி.டி.எஸ். அதிகமாக இருந்தால் சுழற்சி 4 கிடைக்காது. சுழற்சி 2-க்கு இறங்கினால் ப்ளோ-டவுனே ஆவியாவதற்குச் சமமாகி மணிக்கு 3.75, மொத்தம் 7.5. அதாவது தண்ணீர் ஒன்றரை மடங்கு. எஸ்.டி.பி. வெண்டரிடம் டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, அமோனியா நான்குக்கும் உத்தரவாத எண் கேளுங்கள். அமோனியாவை விட்டுவிடாதீர்கள், சில்லர் கண்டன்சரில் இருப்பது செம்பு டியூப்.

மேக்-அப் லைனிலும் ப்ளோ-டவுன் லைனிலும் தனித்தனி வாட்டர் மீட்டர் போடுங்கள். பி.ஓ.க்யூ.வில் இல்லையென்றால் இப்போதே கேட்டுச் சேர்க்கலாம், 50 என்.பி. மீட்டர் இரண்டுதான்.